நம்ம காடு... நம்ம மானா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், அது பெரும்பாலும் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' ஆகத்தான் இருக்கும். போன வாரம் எனக்கு வந்தது வேறு. அனுப்பியவன் என் பெரியப்பா மகன். காரியாபட்டிப் பக்கம் எங்கள் தாத்தா காலத்துப் புஞ்சை நாலு ஏக்கர் இருக்கிறது. பெரியப்பாதான் பார்த்துக்கொள்கிறார். தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு அவருக்கு ஒத்தாசையாக இருக்கிறான்.

வீடியோவில் ஓர் அமெரிக்கர் மரத்தின் மேல் இலை நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கையில் சக்கரம் வைத்த நவீன வில். கீழே பெரிய கொம்போடு ஒரு மான் மெல்ல நடந்து வருகிறது. அவர் நாணை இழுக்கிறார். அவ்வளவுதான், வீடியோ முடிந்துவிட்டது.

அடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, இது அவங்க குடும்ப நிலமாம். பரம்பரையா அங்கேயே வேட்டையாடுறாங்களாம். நம்ம காட்டுக்கும் ரெண்டு வாரமா ஒரு பெரிய கொம்பன் வருதுண்ணே. பாசிப்பயறு பாதி போச்சு. நம்ம பட்டா நிலம்தானே, அடிச்சா என்ன? வில்லு ஆன்லைன்ல கிடைக்குது. கார்ட்ல போட்டு வச்சிருக்கேன்."

'அடேய், ஜெயிலுக்குப் போயிடுவ' என்று ஒரு வரி தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூன்று மாத உழைப்பை ராத்திரியோடு ராத்திரியாக மேய்ந்துவிட்டுப் போகும் ஒரு விலங்கைப் பற்றிக் கேட்கிறான். அதனால் கொஞ்சம் படித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கே போனேன்.

அங்கே எப்படி?

அந்த வீடியோவில் வந்தது வெள்ளைவால் மான். 1900-ஆம் ஆண்டு வாக்கில் வட அமெரிக்காவில் அது 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இறைச்சிக்கும் தோலுக்கும் வணிகமாகச் சுட்டுத் தள்ளியதுதான் காரணம். அதன் பிறகுதான் சட்டங்கள் வந்தன. வேட்டைக்கு உரிமம், குறிப்பிட்ட பருவம், ஓர் ஆளுக்கு இத்தனைதான் என்ற கணக்கு. இன்று சுமார் 3 கோடி மான்கள் இருக்கின்றன. அவற்றைத் தின்ற ஓநாய்களைப் பல மாநிலங்களில் மனிதர்கள் ஒழித்துவிட்டதால், இப்போது அங்கே மான் தொகையைக் கட்டுக்குள் வைக்கவே வேட்டை தேவைப்படுகிறது. 1937-இல் வந்த ஒரு சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி. பின்னாளில் வில், அம்புக்கும் அதை நீட்டினார்கள். அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது.

தம்பி கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. நிலம் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தாலும், அங்கேயும் வெள்ளைவால் மான் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் இல்லை. அது பொதுச்சொத்து, அரசு அதன் காப்பாளர். 'என் நிலத்துக்குள் யார் வரலாம்' என்று சொல்ல மட்டுமே நிலத்துக்காரருக்கு உரிமை. தன் நிலத்தில் நின்று மானை எய்யும் முன் அவரும் மாநில விதிக்குக் கட்டுப்பட வேண்டும். ஆக, 'நம்ம நிலம், அதனால நம்ம மான்' என்பது அமெரிக்காவிலேயே செல்லாது.

வில் வேட்டைக்காரர்கள் பலர் கண்ணில் பட்ட முதல் மானை அடிப்பதும் இல்லை. ஒன்றரை வயதுக் கிடாயைப் போகவிட்டு, அது நாலு, ஐந்து வயதாகி முதிரும்வரை காத்திருக்கிறார்கள். தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டி, ஒரே மானை வருடக்கணக்கில் கவனிக்கிறார்கள். வயதான கிடாய் லேசில் மாட்டாது. பெரும்பாலும் இருட்டில்தான் நடமாடும். காற்றில் மனித வாடை வந்தால் அந்தப் பக்கமே திரும்பாது.

இருபது, முப்பது மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் வில் உதவும். அப்போதும் சிக்கல் இருக்கிறது. நாண் விடுபடும் சத்தம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. அம்பு போவது சுமார் 90 மீட்டர்தான். முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் மானின் காதுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்து, கால் விநாடி கழித்துத்தான் அம்பு வருகிறது. அந்தக் கால் விநாடியில் மான் உடம்பைத் தாழ்த்தித் திரும்பிவிடும். நெஞ்சுக்குப் போக வேண்டிய அம்பு முதுகிலோ வயிற்றிலோ பாயும்.

வயிற்றில் பட்டால் மான் உடனே சாகாது, மணிக்கணக்கில் துடிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் அம்பு விட்ட உடனே ஓடிப் பார்ப்பதில்லை. ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அடர்சிவப்பு என்றால் ஈரல், பச்சை கலந்து நாற்றம் அடித்தால் குடல். குடல் என்றால் பல மணி நேரம் காத்திருந்துவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தடம் பிடித்துப் போக வேண்டும். அந்த வேதனை ஒரு நிமிட வீடியோவில் வராது.

இன்னொரு கதையும் கிடைத்தது. அமெரிக்காவில் நவீன வில் வேட்டையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் இஷி என்ற பழங்குடி மனிதர். யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி ஆள். அவருடைய மக்களை வந்தேறிகள் கொன்று அழித்திருந்தார்கள். 1911-இல் பசியோடு தனியாக ஊருக்குள் வந்தவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். 1916-இல் காசநோயில் இறந்துபோனார். அவரிடம் கற்றதை வைத்து போப் 1923-இல் புத்தகம் எழுதினார்.

டெக்சாஸுக்குப் போன நம்ம புள்ளி

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன். நம் ஊர்ப் புள்ளிமானும் அமெரிக்காவில் இருக்கிறது! 1860-களின் இறுதியில் ஹவாய்த் தீவின் அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்கு அன்பளிப்பாகப் போன புள்ளிமான்கள், மொலோகாய் தீவில் பெருகிவிட்டன. 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பேர் 'ஆக்ஸிஸ்'. வெளியூர் விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவக் கட்டுப்பாடு கிடையாது. தனியார் பண்ணைகளில் வருடம் முழுக்க வேட்டையாடலாம்.

ஆக, எங்கள் பயறைத் தின்னும் அதே மானை, டெக்சாஸில் ஒரு குடும்பம் தன் நிலத்தில் வில்லால் அடித்துச் சமைக்கிறது. அதுவும் சட்டப்படி. தம்பிக்கு இதைச் சொன்னால், "பாத்தியாண்ணே!" என்பான். எனவே நம் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

வேடனாக வந்த சாமி

நான் குடியிருப்பது திருப்பரங்குன்றத்தில். விஜயதசமி அன்று எங்கள் சாமி பசுமலையில் இருக்கும் அம்பு போடும் மண்டபத்துக்குப் போய் அம்பு எய்துவிட்டு வருவார். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த முருகன் வள்ளியைப் பார்க்க எப்படிப் போனார்? வேடனாகத்தான். வள்ளியோ மான் வயிற்றில் பிறந்து, வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்டில் வளர்ந்தவள். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி, குருவி விரட்டுகிறாள். சங்க இலக்கியத்திலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. தலைவன் வில்லோடு வந்து, 'என் அம்பு பட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா?' என்று தலைவியிடமும் தோழியிடமும் கேட்பான். பேச்சுக் கொடுக்க அது ஒரு சாக்குதான். ஆனால் சாக்காகச் சொன்னாலும் நம்பும்படி இருக்க வேண்டுமே! அம்பு பட்ட விலங்கைக் கைவிடாமல் தேடிப் போவது வேட்டைக்காரனின் கடமை என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு பாடும் வல்வில் ஓரிக்கு, கொல்லிமலையில் ஆடி மாதம் அரசே விழா எடுக்கிறது. ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிப் பேர் வைத்தவர்கள் நாம். அதனால் 'வேட்டையா, சிவ சிவா!' என்று நாம் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. நம் பக்கத்துக் கிராமங்களில் சாமி கும்பிட்டுவிட்டுப் பாரி வேட்டைக்குப் போன தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் 1972-இல் எல்லாம் மாறியது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புள்ளிமான் இப்போது அதன் 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிமான் 1-ஆம் அட்டவணை. அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7. 1998-இல் ஜோத்பூர் பக்கம் வெளிமானைக் கொன்ற வழக்கில், 2018-இல் நடிகர் சல்மான் கானுக்கு 5 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது நினைவிருக்கும்.

இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, வலை போடுவது, துரத்துவது, இரை வைத்து இழுப்பது, ஏன், இதற்கெல்லாம் முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். அது காடா, பட்டா நிலமா என்ற பேச்சே கிடையாது. பயிருக்கு ஆபத்து என்றால் 2-ஆம் அட்டவணை விலங்கை வேட்டையாட அனுமதி தர ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த அனுமதியைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் காட்டி எழுத்துபூர்வமாகத் தர வேண்டும். நாமாக முடிவு செய்துகொள்ள முடியாது. காட்டுப்பன்றிக்கே 2025 ஜனவரியில் தமிழக அரசு சொன்னது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். அப்போதும் சுடுவது வனத்துறைதான், விவசாயி இல்லை.

பரண் மேல் ஒரு ராத்திரி

ஊருக்குப் போனதும் பெரியப்பா என்னை நேரே காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பயறு பூத்து நிற்க வேண்டிய இடத்தில் அரை ஏக்கருக்குக் காம்பு மட்டும் நின்றது.

வரப்போரம் குனிந்து, ஈரக் கரிசலைக் காட்டினார். "இது ஆட்டுக் கால். முனை மழுங்கிப் போயிருக்கு பாரு. இது மான். ஊசி மாதிரி முன்னாடி கூரா இருக்கா? இந்தா, இது பன்றி. பின்னாடி ரெண்டு குட்டி விரல் தனியாப் பதிஞ்சிருக்கு. பயறத் தின்னது மான். அந்தக் கடைசியில வரப்பப் பேத்துப் போட்டது பன்றி. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையப் பிரிச்சுக்கிட்டாங்க."

கண்மாய்க் கரையில் ஒரு வேப்பங்கன்று பட்டை உரிந்து நின்றது. கொம்பு உரசிய இடம். இடுப்பு உயரம். "பெரிய கொம்பன்தான்" என்றார். இவர் எந்த யூடியூப் பார்த்தார்?

அன்று ராத்திரி மூன்று பேரும் பரணில் படுத்தோம். அமெரிக்கர் உட்கார்ந்திருந்த மரமும் ஒரு பரண்தான். அவர் மான் வருவதற்காகக் காத்திருக்கிறார், நாங்கள் வராமல் இருப்பதற்காகக் காத்திருக்கிறோம். பெரியப்பா தகர டின்னும் டார்ச்சும் வைத்திருந்தார்.

விடியற்காலை ஐந்தரை இருக்கும். தம்பி என் தோளைத் தொட்டான். கண்மாய்க்குள் இருக்கும் சீமைக்கருவேலங்காட்டிலிருந்து ஏழு மான்கள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. முதலில் ஒரு கிழட்டுப் பிணை. கடைசியில் அந்தக் கொம்பன். ஆனால் இடது பக்கம் மட்டும்தான் கொம்பு இருந்தது. வலது பக்கம் வெறும் தலை.

மான் கொம்பு வருடா வருடம் உதிர்ந்து முளைக்கும். இரண்டும் ஒன்றாக உதிர வேண்டும் என்று இல்லை. வெள்ளைவால் மான்கள் எல்லாம் குளிர்காலத்தை ஒட்டிக் கொம்பை உதிர்க்கும். நம் புள்ளிமானுக்கு அப்படி ஒரே பருவம் கிடையாது. ஒரே மந்தையில் ஒரு கிடாய் முழுக் கொம்போடும், இன்னொன்று வெல்வெட் போல மயிர் மூடிய இளங்கொம்போடும் நிற்கும்.

தம்பி கையில் வில் இருந்திருந்தால்? இருபத்தைந்து மீட்டர்கூட இருக்காது. அவன் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொம்பன் எங்கள் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது. பெரியப்பா டின்னைத் தட்டினார். ஒரே பாய்ச்சல், ஏழும் காணோம்.

"ஒத்தக் கொம்பனா ஆயிட்டான்ணே" என்றான் தம்பி. அவன் குரலில் பாவமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

மான் அரசாங்கத்தோடது, பயறு?

டீ குடிக்கும்போது சட்டத்தை எல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். "சரிப்பா, மான் அரசாங்கத்தோடது. ஒத்துக்கிறேன். அது தின்ன பயறு யாரோடது?"

அமெரிக்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு, 2022 கணக்குப்படி 463 ஏக்கர். மான் ஒரு மூலையை மேய்ந்தால் தாங்கும். வேட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டும் சம்பாதிக்கலாம். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 கணக்குப்படி 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. அதில் அரை ஏக்கர் போனால் அந்தப் போகமே போன மாதிரி. மானைக் காப்பாற்றுவது நம் எல்லாருக்கும் பெருமை. அதன் தீனிச் செலவு மட்டும் கண்மாய்க் கரையில் நிலம் வைத்திருக்கும் நாலு பேருடையதா?

அந்தக் கோபம்தான் சில இடங்களில் சுருக்குக் கம்பியாகவும், அவுட்டுக்காயாகவும், திருட்டு மின்வேலியாகவும் மாறுகிறது. அதில் மானும் பன்றியும் மட்டும் சாவதில்லை. தண்ணீர் பாய்ச்ச விடியுமுன் போகிற பக்கத்துக் காட்டுக்காரரும் சாகிறார். எங்கள் டெஸ்க்குக்கு அந்தச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதே போல, தண்ணீர் தேடி வந்து கிணற்றில் விழுந்த மான், நாய் கடித்த மான், நான்குவழிச் சாலையில் அடிபட்ட மான். சமவெளி மான்களுக்கு இங்கே டெக்சாஸ் மாதிரி பரந்த பண்ணைகள் இல்லை. கண்மாய்க்குள் இருக்கும் கருவேலங்காடு ஒன்றுதான் வீடு.

வனவிலங்கால் பயிர் சேதம் என்றால் அரசு இழப்பீடு தருகிறது. பெரியப்பா இதுவரை விண்ணப்பித்ததே இல்லை. "அலையிற கூலிக்கு வருமா?" என்பது அவர் கணக்கு. அன்று தம்பியே உட்கார்ந்து எழுதினான். சேதத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்தான். கால் தடத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி வைத்து, அளவு தெரிகிற மாதிரி எடுத்தான். அது நான் சொல்லிக் கொடுக்காதது. பட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்துக்குத் திங்கள்கிழமை போவதாக ஏற்பாடு.

உங்கள் காட்டிலும் இப்படி நடந்தால், அறுவடை வரை காத்திருக்காதீர்கள். தடம் அழிவதற்குள் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் உடனே சொல்லுங்கள். தாமதமானால் எது தின்றது என்று நிரூபிக்க முடியாமல் போய்விடும்.

கொம்பு கிடைத்தது

நான் கிளம்பும் நேரத்தில் தம்பி கண்மாய்ப் பக்கமிருந்து ஓடி வந்தான். கையில் அந்த வலது கொம்பு. மூன்று கிளை. அவன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்தது, அதற்கும் மேலேயே வளர்ந்திருந்தது.

"அண்ணே, இது தானா விழுந்தது. நான் அடிக்கல. இதையாவது வீட்ல மாட்டிக்கலாமா?"

நல்ல கேள்வி. ஆனால் உதிர்ந்த கொம்பானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வீட்டில் வைத்திருந்தாலும் சிக்கல்தான். அது கீழே கிடந்ததா, கொன்று எடுத்ததா என்று நாளைக்கு யார் சொல்வது? வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி. சொன்னதும் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு டேப் வைத்து அளந்து, இடது கையில் பிடித்துக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்தான்.

"திங்கக்கிழமை மனு குடுக்கப் போறப்போ இதையும் குடுத்துடுறேன். மனுவுக்கு இதுவே சாட்சிதானண்ணே?"

நான் மறுபடி சிரித்துவிட்டேன். வில் ஆசை அவனுக்குப் போகவில்லை. கார்ட்டில் அது அப்படியே கிடக்கிறது. வாங்குவதில் தப்பில்லை, எதன் மேல் குறி வைக்கிறோம் என்பதுதான் விஷயம். அதே சக்கர வில்லை வைத்துத்தான் விஜயவாடாவின் ஜோதி சுரேகா வென்னம் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3 தங்கம் வாங்கினார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அந்த வகை வில் முதல் முறையாக இடம்பெறப் போகிறது. இதைச் சொன்னதும் தம்பி உடனே போனை எடுத்தான். மதுரையில் பயிற்சி எங்கே என்று தேடத்தான் என்று நினைக்கிறேன்.

பைக்கை எடுக்கும்போது பெரியப்பா ஒரு துணிப் பையை நீட்டினார். மிஞ்சிய பயறு. "ஒரு கிலோதான் இருக்கு. அம்மாகிட்ட குடு. மிச்சத்த ஒத்தக் கொம்பன்கிட்ட கேட்டு வாங்கிக்கச் சொல்லு."